கத்தி வேண்டாம் என்று போய், கடைசியில் கத்திக்கே வந்த கதை

வணக்கம் மக்களே. பின்னால் சத்தம் கேட்டால் மன்னிக்கவும், மாடி வீட்டில் டைல்ஸ் வேலை நடக்கிறது.

போன வாரம் ஃபேட் ஃப்ரீசிங், அதாவது கொழுப்பைக் குளிரால் உறையவைத்துக் குறைக்கும் சிகிச்சை பற்றிப் பேசினேன் இல்லையா? சிலருக்கு அந்த இடம் குறைவதற்குப் பதில் வீங்கிவிடும் என்றும் சொன்னேன். அதைப் பார்த்துவிட்டு என் சித்தி மகள் ஒரு கேள்வி கேட்டாள். "வீங்கிப்போனால் என்னக்கா, லைபோசக்‌ஷன் செய்து கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டியதுதானே?" இன்றைக்கு அதற்குத்தான் பதில்.

முதலில் லிண்டா எவாஞ்சலிஸ்டா. தொண்ணூறுகளின் சூப்பர்மாடல். 2015, 2016இல் கூல்ஸ்கல்ப்டிங் என்ற பெயரில் வரும் ஃபேட் ஃப்ரீசிங் சிகிச்சையைச் செய்துகொண்டார். சில மாதங்களில் தாடைக்குக் கீழே, தொடையில், முதுகில் பிரா பட்டை வரும் இடத்தில் கட்டி கட்டியாகப் புடைப்பு. குறைய வேண்டிய இடம் பெருத்துவிட்டது. சாப்பாட்டைக் குறைத்தார், உடற்பயிற்சி செய்தார், ஒன்றும் அசையவில்லை. டாக்டர் சொன்ன பெயர் பேரடாக்ஸிக்கல் அடிபோஸ் ஹைப்பர்பிளேசியா. சுருக்கமாக பி.ஏ.எச்.

சிகிச்சையின் யோசனை என்னவோ அழகானதுதான். ஐஸ் குச்சி சப்பும் குழந்தைகளுக்குச் சில நேரம் கன்னத்தில் குழி விழும். தோலுக்கு முன்பே கொழுப்பு குளிருக்குச் செத்துவிடுகிறது. இதை வைத்துத்தான் பாஸ்டனில் மான்ஸ்டைன், ஆண்டர்சன் என்ற இரண்டு டாக்டர்கள் இந்த முறையை உருவாக்கினார்கள். 2010இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இடுப்புப் பக்கத்துக்கு அனுமதி கொடுத்தது. செத்த செல்களை உடம்பு இரண்டு மூன்று மாதத்தில் மெல்ல அப்புறப்படுத்தும். சிலருக்கு மட்டும் அதே இடத்தில் கொழுப்பு பெருகி, நாரும் சேர்ந்து இறுகுகிறது. ஏன் என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை கிடையாது.

பார்த்தால் எப்படி இருக்கும்? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய்க் கட்டியைத் தோலுக்கு அடியில் செருகியது மாதிரி. உறையவைக்கத் தோலில் வைத்த கருவிமுனை, அதாவது அப்ளிகேட்டர், எந்த வடிவமோ, புடைப்பும் அதே வடிவம். பெரும்பாலும் வலி இருக்காது. தானாகக் கரையவும் கரையாது.

எத்தனை பேருக்கு வரும்? 2014இல் முதல் கேஸ் மருத்துவ இதழில் வந்தபோது 20,000க்கு ஒன்று என்றார்கள். பிறகு கூல்ஸ்கல்ப்டிங் நிறுவனத்தின் கணக்கே சுமார் 3,000க்கு ஒன்று என்று ஆனது, அதாவது முதலில் சொன்னதைவிட வாய்ப்பு அதிகம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இது ஆள் கணக்கு இல்லை, சைக்கிள் கணக்கு. ஒரு இடத்தில் ஒரு தடவை அப்ளிகேட்டரை வைத்து உறையவைத்தால் அது ஒரு சைக்கிள். வயிறு, இடுப்பு, தொடை என்று ஒரே ஆள் எட்டு, பத்து சைக்கிள் எடுத்தால் அவருக்கான வாய்ப்பு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். புடைப்பைப் பார்த்த மறுநாளே மேஜையில் ஏற முடியாது. சிகிச்சை முடிந்து குறைந்தது ஆறிலிருந்து ஒன்பது மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். கல் மாதிரி இருக்கும் திசு கொஞ்சமாவது இளகி, புடைப்பு வளர்வதும் நிற்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் மறுபடி தலைதூக்கலாம். நடுவில் "இன்னொரு தடவை உறையவைத்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வேண்டாம். எந்தக் குளிர் அதை உண்டாக்கியதோ அதையே திரும்பக் கொடுப்பதில் என்ன நியாயம்?

அப்புறம், இது சாதாரண லைபோசக்‌ஷன் மாதிரி சுலபமும் இல்லை. வழக்கமான கொழுப்பில் கேனுலா குழாய் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே நார் தடுக்கும். அதனால் முனை அதிரும் பவர் அசிஸ்டட் கருவியைப் பல சர்ஜன்கள் எடுக்கிறார்கள். உப்புநீரில் மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து முதலில் உள்ளே செலுத்துவார்கள், ரத்தப்போக்கு குறைய. வயிறு என்றால் அந்தப் புடைப்புக்குள் குடலிறக்கம் ஒளிந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். குழாய் குடலில் பட்டால் உயிருக்கே ஆபத்து. தோல் தொங்கிவிட்டால் உறிஞ்சினால் மட்டும் போதாது, வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் டம்மி டக் ஆபரேஷன்தான். ஒரு தடவையில் முடியாமல் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுவதும் உண்டு.

லிண்டாவுக்கு அதுதான் நடந்தது. இரண்டு தடவை லைபோசக்‌ஷன். இறுக்கமான கார்மென்ட், தாடைப்பட்டை எல்லாம் எட்டு வாரம் போட்டிருந்தும் திரும்ப வந்துவிட்டது என்று சொன்னார். 2021 செப்டம்பரில் 5 கோடி டாலர் கேட்டு நியூயார்க்கில் வழக்கு போட்டார். 2022 ஜூலையில் சமரசத்தில் முடிந்தது. எல்லாருக்கும் அவர் கதி வரும் என்று பயமுறுத்தவில்லை. ஆபரேஷனில் நன்றாகச் சரியானவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் "உறிஞ்சி எடுத்துவிட வேண்டியதுதானே" என்ற அந்த அலட்சியம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

காத்திருக்கும் மாதங்களில் ஒரு வேலை செய்யுங்கள். அதே இடம், அதே வெளிச்சம், மாதம் ஒரு போட்டோ. எந்தத் தேதியில், எந்த அப்ளிகேட்டர், எத்தனை சைக்கிள் என்ற ரெக்கார்டைக் கிளினிக்கில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்ஜனிடம் போனதும் விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "சார், இதுவரை எத்தனை பி.ஏ.எச். கேஸ் நீங்கள் கையால் செய்திருக்கிறீர்கள்?"