இராத்திரியில் வாசிக்கும் சங்கீதங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் உள்ள சங்கீதங்களைத் தனிமையில் தியானிப்பதால் கிடைக்கும் அமைதியையும் நம்பிக்கையையும் துதியையும் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். நல்ல தலைப்புத்தான். ஆனால் அதை நம்பி, மன அமைதி வேண்டுமென்று சங்கீதப் புத்தகத்தைப் புதிதாகத் திறக்கும் ஒருவர் முதலில் திகைத்துப்போவார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறாம் சங்கீதத்தில் ஒருவர் இரவெல்லாம் அழுது தம் கட்டிலை நனைக்கிறார். பதின்மூன்றாம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை எழுகிறது. இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரியே "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்பதுதான். 150 பாடல்கள் கொண்ட இந்தத் தொகுப்பில் எண்ணிக்கையில் மிகுந்திருப்பவை முறையீட்டுப் பாடல்களே என்பது விவிலிய அறிஞர்களின் பொதுக் கருத்து. கத்தோலிக்கத் திருச்சபையார் இவற்றைத் திருப்பாடல்கள் என்பார்கள். எந்தப் பெயரால் அழைத்தாலும் அழுகை அழுகைதான்.

அப்படியானால் அமைதி எங்கே இருக்கிறது? அந்த முறையீட்டுக்கு உள்ளேயே இருக்கிறது என்பதுதான், தேவகோட்டை வட்டாரத்தில் நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பாடல்களை நிதானமாக வாசித்துவரும் எனக்குத் தெரிந்த விடை. குறையைச் சொல்லி முடித்த பிறகு வேறு எங்கிருந்தோ அமைதி வந்து சேருவதில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் நேராகச் சொல்வதிலேயே அது தொடங்கிவிடுகிறது.

நாட்காட்டியில் அச்சிடப்படும் ஒற்றை வசனங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற வரியை ஓர் ஏரியின் படத்துக்குக் கீழே அச்சிட்டு எத்தனையோ வீடுகளில் மாட்டியிருக்கிறார்கள். அது நாற்பத்தாறாம் சங்கீதத்தின் பத்தாம் வசனம். அதற்கு முந்தைய வசனத்தில் வில் ஒடிகிறது, ஈட்டி முறிகிறது, இரதங்கள் நெருப்பில் வேகின்றன. பூமி நிலைமாறினாலும், மலைகள் கடலுக்குள் சாய்ந்தாலும் பயப்படோம் என்று தொடங்கிய பாடல் அது. ஏரிக்கரையில் காற்று வாங்குகிறவருக்குச் சொல்லப்பட்ட புத்திமதியாக எனக்கு அது தோன்றவில்லை. யுத்தச் சத்தத்தின் நடுவே நிற்பவர்களுக்கு இடப்பட்ட கட்டளையாகவே படுகிறது. வசனத்தைத் தனியே கிள்ளி எடுக்கும்போது ஆறுதல் கிடைக்கலாம். ஆனால் அந்த ஆறுதலுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது தெரியாமல் போய்விடும். ஆகவே ஒரு சங்கீதத்தை எடுத்தால் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும் என்பதே நான் வற்புறுத்தும் முதல் வேண்டுகோள்.

அப்படி முழுதாக வாசித்துப் பார்க்க, எழுபத்தேழாம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். ஆசாப் என்னும் பாடகரின் பெயரால் அமைந்த பன்னிரண்டு சங்கீதங்களில் ஒன்று இது, இருபது வசனங்கள். தூக்கம் வராத ஓர் இரவு. "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்" என்கிறார். தூக்கம் வரவில்லை என்று பொதுவாகப் புலம்பாமல், நீர்தான் என்னைத் தூங்கவிடவில்லை என்று தேவனையே நேருக்கு நேர் குற்றம் சாட்டுகிறார். பிறகு அந்த இருட்டில் தம் இருதயத்தோடே தாமே பேசத் தொடங்குகிறார். ஆண்டவர் என்றென்றைக்கும் தள்ளிவிடுவாரோ, இனி ஒருபோதும் தயை செய்யாதிருப்பாரோ, அவருடைய கிருபை அற்றுப்போயிற்றோ, வாக்குத்தத்தம் ஒழிந்துபோயிற்றோ, இரக்கஞ்செய்ய மறந்தாரோ, கோபத்தினாலே தம் இரக்கத்தை அடைத்துக்கொண்டாரோ என்று ஏழாம் வசனத்திலிருந்து ஒன்பதாம் வசனம்வரை ஆறு கேள்விகள். ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை. பக்தியுள்ளவன் இப்படியெல்லாம் கேட்கலாமா என்று பதறும் நல்ல மனிதர்களை நான் அறிவேன். கேட்கலாம், கேட்டது வேதத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

பத்தாம் வசனத்தில் திருப்பம். "இது என் பலவீனம்" என்று ஒப்புக்கொண்டு, உன்னதமானவருடைய வலதுகரத்தின் வருஷங்களை நினைவுகூருவேன் என்கிறார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆசாபின் நிலைமை இங்கே எள்ளளவும் மாறவில்லை. பொழுது விடிந்ததாகவோ, நோய் தீர்ந்ததாகவோ, பகைவர் ஒழிந்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. மாறியது அவர் நினைவு செல்லும் திசை மட்டுமே. தம் முன்னோர் எகிப்திலிருந்து விடுபட்டுச் செங்கடலைக் கடந்த பழைய நாளை எண்ணத் தொடங்கியதும், அதுவரை "நான்", "என்" என்று நிறைந்திருந்த பாடலில் "நீர்", "உமது" என்பவை பெருகுகின்றன. பத்தொன்பதாம் வசனத்தில் அவர் சொல்வதைக் கேளுங்கள்: "உமது வழி கடலிலும், உமது பாதைகள் திரண்ட தண்ணீர்களிலும் இருந்தது, உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று." தேவன் நடந்து போனார், ஆனால் தண்ணீரில் தடம் பதியவில்லை. அவர் வழிநடத்தினார் என்பதும் அவருடைய காலடி தெரியவில்லை என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. நம்பிக்கை என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

நம் செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன, நம்மவர்களின் கடைகளில் அன்றாட வரவையும் பற்றையும் சிட்டையில் குறித்து, பேரேட்டில் ஏற்றி, ஆண்டு முடிவில் ஐந்தொகை போடுவார்கள். பற்றை மறைத்து வரவை மட்டும் எழுதிய கணக்கை எந்த முதலாளியும் ஏற்கமாட்டார். சங்கீதக்காரர்களும் அப்படிப்பட்ட கணக்கர்களே. எண்பத்தெட்டாம் சங்கீதம் ஏறக்குறைய முழுக்கவும் பற்று. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. நூற்றுமூன்றாம் சங்கீதமோ "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று வரவை ஒவ்வொன்றாக எழுதுகிறது. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. துக்கத்தில் இருப்பவரிடம் போய் நூற்றுமூன்றை மட்டும் வாசிப்பது கணக்கைத் திருத்துவதற்குச் சமம் என்பது என் எண்ணம்.

கானாடுகாத்தானை அடுத்த ஒரு சிற்றூரில், ஒரு பெரிய வீட்டு முகப்பில், மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். முகப்பிலிருந்து பார்த்தால் வளவு என்னும் உள்முற்றக் கட்டு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி என்று தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும் வீடு. பர்மாத் தேக்குத் தூண்கள், கையை வைத்தால் இன்றும் குளிரும் சுண்ணாம்புச் சாந்துச் சுவர், வளவில் முற்றத்து மழை கொட்டும் சத்தம். பங்காளிகள் பொங்கலுக்கும் திருமணத்துக்கும் வந்து திறப்பதோடு சரி. மற்ற நாட்களில் சாவி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர்தான் அங்கே வாசம். என் கையிலிருந்த சிறு புத்தகத்தைப் பார்த்து, "என்ன படிக்கிறீக ஐயா?" என்றார். அப்போது விரித்திருந்தது நூற்றிருபத்தேழாம் சங்கீதம், அதையே வாசித்தேன். "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில், அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா, கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா." சற்று நேரம் தூணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத எழுதுனவரு வீடு கட்டிப் பாத்தவராத்தான் இருக்கணும்" என்றார் அவர். அந்தச் சங்கீதத்தின் தலைப்பில் சாலொமோன் பெயர் இருக்கிறது. எருசலேம் ஆலயத்தை ஏழு ஆண்டுகளும் தம் அரண்மனையைப் பதின்மூன்று ஆண்டுகளும் கட்டியவர் என்று இராஜாக்களின் முதலாம் புத்தகம் சொல்கிறது. நெற்றியில் திருநீற்றோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவருக்கு இதெல்லாம் தெரியாது. பாட்டைக் கேட்டே பாடியவரைக் கண்டுகொண்டார். காவலாளர் விழித்திருக்கிறது விருதா என்ற வரியைக் காவலுக்கு இருப்பவரிடமே வாசித்துவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அடுத்த வசனத்தைத்தான் மறுபடி வாசிக்கச் சொன்னார்: "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்."

இந்த வட்டாரத்து வீடுகளுக்கு நூற்றேழாம் சங்கீதமும் அந்நியமாக இராது. வனாந்தரத்தில் வழி தப்பியவர்கள், இருட்டறையில் விலங்கிடப்பட்டவர்கள், நோயால் மரணவாசல்வரை போனவர்கள், கப்பலேறிப் பெருந்தண்ணீரில் தொழில் செய்தவர்கள் என்று நான்கு கூட்டத்தாரை அது அடுத்தடுத்து நிறுத்துகிறது. கடலோடிகளின் பகுதி நம் மண்ணுக்கே எழுதியதுபோல் இருக்கும். அலைகள் அவர்களை ஆகாயத்துக்கு ஏற்றி ஆழத்துக்கு இறக்குகின்றன, குடித்து வெறித்தவனைப்போல் தள்ளாடுகிறார்கள், "அவர்களுடைய ஞானமெல்லாம் முழுகிப்போகிறது." நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கணவனையும் மகனையும் நினைத்துக்கொண்டு வளவில் விழித்திருந்த ஆச்சிமார்களின் இரவுகளும் இந்த வரிகளுக்குள் அடங்கும். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது கடையையும் கணக்கையும் விட்டுவிட்டுக் காட்டு வழியாக நடந்தே திரும்பியவர்களின் குடும்பங்களுக்கு, ஞானம் முழுகிப்போவது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நான்கு கூட்டத்தாரின் கதை முடியும்போதும் ஒரே பல்லவி வருகிறது: அவர்கள் கர்த்தரை அவருடைய கிருபையினிமித்தம் துதிப்பார்களாக. இந்தத் துதி பொத்தாம்பொதுவான புகழ்ச்சி அன்று. என்ன நடந்தது, எங்கே மாட்டிக்கொண்டோம், எப்படிக் கூப்பிட்டோம் என்று விவரம் சொல்லிவிட்டுப் பாடப்படுவது. விவரமில்லாத துதி சீக்கிரம் சலித்துப்போவதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாரும் துறைமுகம் சேர்வதில்லையே என்று கேட்பீர்கள். சங்கீதப் புத்தகம் அந்தக் கேள்வியை மறைக்கவில்லை. ஐந்து பாகங்களாகத் தொகுக்கப்பட்ட அதன் மூன்றாம் பாகம் எண்பத்தொன்பதாம் சங்கீதத்தோடு முடிகிறது. தாவீது ராஜாவின் சிங்காசனம் தரையிலே தள்ளப்பட்டது என்றும், நீர் சத்தியம்பண்ணின பூர்வ கிருபைகள் எங்கே என்றும் கேட்டுக்கொண்டே வந்து, விடை இல்லாமலே அந்தப் பாடல் நிற்கிறது. அதை ஒட்டியே, இடையில் ஒரு வரிகூட இல்லாமல், "கர்த்தருக்கு என்றென்றைக்கும் ஸ்தோத்திரமுண்டாவதாக. ஆமென், ஆமென்" என்று பாகம் நிறைவடைகிறது. தொகுத்தவர்கள் அந்தக் கேள்வியை அழித்துவிட்டு ஸ்தோத்திரத்தை எழுதவில்லை. இரண்டையும் அருகருகே விட்டிருக்கிறார்கள்.

பகைவரைச் சபிக்கும் வரிகளைப் பற்றியும் ஒரு சொல். நூற்றொன்பதாம் சங்கீதத்தையும் நூற்றுமுப்பத்தேழாம் சங்கீதத்தின் கடைசி வசனத்தையும் வாசிக்கும்போது யாருக்கும் மனம் கூசும், கூசத்தான் வேண்டும். ஆனாலும் அவற்றை நான் தாண்டிப்போவதில்லை. பங்காளிச் சண்டையில் கொதித்திருக்கும் ஒருவர் அந்தக் கோபத்தை அடுத்த வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகாமல் தேவனிடம் கொட்டிவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

இனி, எப்படி வாசிப்பது? ஒரு வேளைக்கு ஒரு சங்கீதம் போதும். 176 வசனங்கள் கொண்ட நூற்றுப்பத்தொன்பதை மட்டும் எட்டு எட்டு வசனமாகப் பிரித்துக்கொள்ளலாம். எபிரெய எழுத்துகள் இருபத்திரண்டின் வரிசையில் அது இயல்பாகவே அப்படித்தான் பிரிந்திருக்கிறது. வாய்விட்டு வாசியுங்கள், இவை பாடுவதற்காக எழுந்தவை, கண் மட்டும் ஓடினால் பாதி போய்விடும். எந்த வரியில் மனம் தட்டுகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். அது உங்களுக்குப் பிடிக்காத வரியாகவும் இருக்கலாம். பிறகு அந்த வரிக்கு உங்கள் வீட்டு விவரத்தைச் சேர்த்து, உங்கள் சொந்தப் பேச்சில், திருத்தமில்லாத தமிழிலேயே சொல்லிப் பாருங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் இன்றிரவு நான்காம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளலாம்; எட்டே வசனங்கள். "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்" என்று அதில் ஒரு வரி வருகிறது. அங்கே கொஞ்சம் தங்குங்கள். "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று அது முடிகிறது. காலையில் எழுந்ததும் ஒரு பக்கம் முன்னால் திருப்பி மூன்றாம் சங்கீதத்தை வாசியுங்கள். சொந்த மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்தபோது தாவீது பாடியது என்று அதன் தலைப்புச் சொல்கிறது. "நான் படுத்து நித்திரைசெய்தேன், விழித்துக்கொண்டேன், கர்த்தர் என்னைத் தாங்குகிறார்" என்பது அதன் ஐந்தாம் வசனம்.

வணக்கம்.