ஊசிமுனையால் தொட்டறிதல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பொறியியல் படித்த நான், நுண்ணோக்கி என்பது பார்ப்பதற்கான கருவி என்றே ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்வரை எண்ணியிருந்தேன். தொட்டுத் தொட்டே அறியும் ஒரு நுண்ணோக்கியோடு என் பணிக்காலம் முழுவதும் கழியும் என்று அப்போது தெரியாது.

ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. அந்த எல்லைக்கான காரணத்தை ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் விளக்கினார். 1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் அறிமுகப்படுத்திய அணுவிசை நுண்ணோக்கிக்கு ஒளியின் அலைநீளம் தடையாகவில்லை. மெல்லிய தகடொன்றின் நுனியிலுள்ள ஊசிமுனை பரப்பை வருடிச் செல்லும்போது தகடு எவ்வளவு வளைகிறது என்பதை இன்றைய கருவிகளில் பெரும்பாலும் லேசர் கற்றையே அளந்து சொல்கிறது.

என் துறையோ ஜெல், ரப்பர், உயிரணு போன்ற மென்பருப்பொருள்கள். ('மென்பொருள்' என்ற நல்ல சொல்லைக் கணினித்துறை முன்னரே எடுத்துக்கொண்டது.) பத்து நானோமீட்டர் ஆரமுள்ள முனையை ஒரு நானோநியூட்டன் விசையோடு கண்ணாடியில் ஊன்றினால் அது ஓர் அணுவின் அளவுகூட அமிழாது, அதே விசையில், யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) 10 கிலோபாஸ்கல் உள்ள ஜெல்லுக்குள் பல நூறு நானோமீட்டர் இறங்கிவிடும். மாணவனாக இருந்தபோது நான் எடுத்த முதல் ஜெல் படம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. பல வாரங்கள் அதை உண்மையென்றே நம்பினேன். விசையைக் குறைத்து மறுபடி எடுத்தபோதுதான் மேடுபள்ளங்கள் தெரிந்தன. அதுவரை நான் பதிவு செய்தது ஜெல்லின் முகத்தை அன்று, என் அழுத்தத்தின் தடத்தை.

அந்தத் தவறே பிறகு என் ஆய்வுப்பொருளாயிற்று. எவ்வளவு விசைக்கு எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்தால், ஹெர்ட்ஸ் 1882-இல் தந்த தொடுகைக் கோட்பாட்டின் வழியே பொருளின் விறைப்பைக் கணக்கிடலாம். மென்மையானவை ஒட்டவும் செய்யும் என்பதால், ஒட்டுவிசையையும் சேர்த்து ஜான்சன், கெண்டல், ராபர்ட்ஸ் 1971-இல் அமைத்த கோட்பாடு இல்லாமல் எங்களால் ஓரடி எடுத்து வைக்க முடியாது.

இப்போது என் மாணவர்கள் கூர்முனைக்குப் பதிலாக வெவ்வேறு அளவுள்ள நுண்கோளங்களைத் தகட்டில் ஒட்டி அழுத்துகிறார்கள். அழுத்திய ஜெல் மெல்லத் தளர்வது, அதாவது அதன் எதிர்விசை குறைந்துகொண்டே போவது, உள்ளிருக்கும் நீர் விலகுவதாலா, ஜெல்லைப் பின்னியிருக்கும் நீண்ட மூலக்கூறுகளான பாலிமர் சங்கிலிகள் இடம் மாறுவதாலா என்பதே அவர்களின் கேள்வி. நீரால் என்றால், தொடுகையின் அகலத்தை இருமடங்காக்கும்போது தளர்வதற்கான நேரம் நான்கு மடங்காகும். சங்கிலிகளால் என்றால் நேரம் மாறாது. சென்ற வாரம் அவர்கள் கொண்டுவந்த வளைகோடுகளில் இரண்டும் கலந்தே தெரிந்தன. அவற்றைப் பிரித்தறிய, இன்னும் பெரிய கோளங்களை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.