ஆட்டத்துக்கு ஓர் உரிமையாளர்

நேயர்களுக்கு வணக்கம்.

2018 டிசம்பர் 13ஆம் தேதி, பிளிஸார்ட் என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனம் தன் இணையதளத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 'ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம்' என்ற தன் கேமுக்காக அது நடத்திவந்த உலகத் தொழில்முறை லீக் அடுத்த ஆண்டு நடைபெறாது என்றது அந்த அறிவிப்பு. அந்த லீக்கில் சம்பளத்துக்கு விளையாடியவர்கள், பயிற்சியாளர்கள், வர்ணனையாளர்கள் எனப் பலரும் இந்தச் செய்தியை மற்ற ரசிகர்களைப்போல இணையத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அடுத்த பருவத்துக்காக அணி மாறியவர்கள் இருந்தார்கள். படிப்பை நிறுத்திவிட்டுப் பயிற்சியில் இறங்கியவர்கள் இருந்தார்கள். ஒரே நாளில் அவர்களுடைய தொழில் இல்லாமல் போயிற்று.

இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் தொழில்முறை வீடியோ கேம் போட்டிகள் என்றதும் கோடிக்கணக்கான பரிசுத் தொகை, நிரம்பி வழியும் அரங்கங்கள், பதினாறு வயதில் பணக்காரர் ஆன சிறுவர்கள் என்றுதான் செய்திகள் வருகின்றன. அவை பொய்யல்ல. நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் டென்னிஸ் அரங்கில் 2019இல் நடந்த ஃபோர்ட்நைட் உலகக் கோப்பையில், புகா என்ற பெயரில் விளையாடும் கைல் கியர்ஸ்டார்ஃப் 16 வயதில் 30 லட்சம் டாலர் வென்றார். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் கையில் அதன் கடிவாளம் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

கால்பந்து யாருடைய சொத்தும் அல்ல. ஃபிஃபா அமைப்புடன் ஒத்துப்போகாதவர்கள் தனியே ஒரு மைதானம் பிடித்து, தனியே ஒரு லீக் நடத்தலாம்; பந்தை உதைப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீடியோ கேம் அப்படியல்ல. அதன் நிரல், படங்கள், இசை, பாத்திரங்கள், பெயர் அனைத்தும் ஒரு நிறுவனத்தின் பதிப்புரிமைக்கோ வணிகமுத்திரை உரிமைக்கோ உட்பட்டவை. அதைப் பொது மேடையில் விளையாடவும் ஒளிபரப்பவும் அந்த நிறுவனம் சம்மதிக்க வேண்டும். விளையாட்டின் விதிகளை எழுதுவது, மாற்றுவது, சர்வரை இயக்குவது, நிறுத்துவது எல்லாம் அதே நிறுவனம்தான். உலக விளையாட்டு வரலாற்றில் இப்படியொரு நிலை இதற்கு முன் இருந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

2013இல் நடந்த ஒரு சம்பவம் இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. சண்டை கேம்களுக்காக ஆண்டுதோறும் அமெரிக்காவில் நடக்கும் ஈவோ போட்டியில் எந்த கேமைக் கூடுதலாகச் சேர்ப்பது என்று முடிவு செய்ய, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நன்கொடை திரட்டும் போட்டி ஒன்றை வைத்தார்கள். எந்த கேமின் ரசிகர்கள் அதிகம் தருகிறார்களோ அந்த கேமுக்கு இடம். 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ' ரசிகர்கள் 94,000 டாலருக்கு மேல் கொடுத்து வென்றார்கள். அது 2001இல் வெளியான பழைய கேம். போட்டிக்குச் சில நாள் இருக்கும்போது, அதை இணையத்தில் ஒளிபரப்பக் கூடாது என்று நின்டெண்டோ சொல்லிவிட்டது. ரசிகர்கள் கொந்தளித்தார்கள், சில மணி நேரத்தில் நிறுவனம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. நல்ல முடிவுதான். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில், நன்கொடை கொடுத்தவர்களுக்கும் பல ஆண்டுகள் அந்த ஆட்டத்தை வளர்த்தவர்களுக்கும் அதன் மீது எந்த உரிமையும் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

இந்தத் தொழிலின் வேர் தென் கொரியாவில் இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அங்கே அதிவேக இணையம் பரவியது. 'பிசி பாங்' எனப்படும் கேம் மையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 1998இல் வெளியான பிளிஸார்டின் 'ஸ்டார்கிராஃப்ட்' அந்த மையங்களை ஆட்கொண்டது. 2000இல் கேம்களுக்கென்றே தனித் தொலைக்காட்சி அலைவரிசை வந்தது. வீரர்களைப் பதிவு செய்து லீக்குகளை நெறிப்படுத்த கெஸ்பா என்ற சங்கமும் அதே ஆண்டில் பிறந்தது. பெரும் தொழில் நிறுவனங்கள் அணிகளை வைத்துக்கொண்டன. ஒளிபரப்பு உரிமையைக் கெஸ்பா விற்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் முளைத்தது. கேம் எங்களுடையது, அதை ஒளிபரப்பும் உரிமையை நீங்கள் எப்படி விற்கலாம் என்று பிளிஸார்ட் கேட்டது. வழக்கு நீதிமன்றம் வரை போய், 2011இல் சமரசத்தில் முடிந்தது. ஒரு நாடே பத்தாண்டு காலம் கட்டி எழுப்பிய விளையாட்டுக் கலாசாரத்தின் நிலப்பத்திரம் வேறொருவர் பெயரில் இருந்தது. கொரியர்கள் பக்கம் என் மனம் சாய்கிறது. சட்டம் அந்தப் பக்கம் சாயவில்லை.

அதன் பிறகு வந்த நிறுவனங்கள் லீக்கைப் பிறர் கையில் விடாமல் தாங்களே நடத்தத் தொடங்கின. அது ஏன் என்று புரிய, இன்றைய கேம்கள் பணம் பண்ணும் விதத்தைப் பார்க்க வேண்டும். ரயட் கேம்ஸ் 2009இல் 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' கேமை இலவசமாக வெளியிட்டது. இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம், விளையாடவும் வேண்டாம். பாத்திரத்தின் உடை, ஆயுதத்தின் நிறம் போன்ற அலங்காரங்களுக்குத்தான் விலை. இவற்றை 'ஸ்கின்' என்கிறார்கள். ஸ்கின் வாங்கியவர் வாங்காதவரைவிடப் பலசாலி ஆவதில்லை. அழகாகத் தெரிவார், அவ்வளவே. விளையாடுபவர்களில் பெரும்பாலோர் ஒரு காசும் செலவழிப்பதில்லை. செலவழிக்கும் சிலர் தொடர்ந்து செலவழிக்க வேண்டுமானால், கேம் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்க வேண்டும், அதைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பேச்சை உருவாக்குவதுதான் லீக்கின் வேலை. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் லீக் என்பது பெரும்பாலும் விளம்பரச் செலவு. வருமானம் கேமுக்குள் இருக்கும் கடையில் வருகிறது.

அந்தக் கடையையும் போட்டியையும் நேரடியாக இணைத்துக் காட்டியது வால்வ் நிறுவனம். அதன் 'டோட்டா 2' கேமுக்கான 'தி இன்டர்நேஷனல்' போட்டி 2011இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் 16 லட்சம் டாலர் பரிசுடன் தொடங்கியது. 2013இல் வால்வ் ஒரு மின்னணுப் புத்தகத்தை விற்றது. அதை வாங்கினால் போட்டியைப் பின்தொடரலாம், முடிவுகளைக் கணிக்கலாம், அலங்காரப் பொருள்கள் கிடைக்கும். விற்பனையில் 25 சதவீதம் பரிசுத் தொகையில் சேரும். தாங்கள் கொடுக்கும் பணம் தங்களுக்குப் பிடித்த வீரர்களுக்குப் போகிறது என்ற எண்ணத்தில் ரசிகர்கள் வாரி வழங்கினார்கள். அந்த ஆண்டு பரிசுத் தொகை 28 லட்சம் டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ஒரு கோடி டாலரைக் கடந்தது. 2021இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் நடந்த பத்தாவது போட்டியில் அது 4 கோடி டாலரைத் தொட்டது. வென்ற டீம் ஸ்பிரிட் அணிக்கு மட்டும் 1.8 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 கோடியில் நிறுவனம் முதலில் வைத்த 16 லட்சத்தைக் கழித்தால் 3.84 கோடி. இது விற்பனையில் கால் பங்கு என்றால், மொத்த விற்பனை 15 கோடி டாலருக்கு மேல். முக்கால் பங்கு வால்வ் பக்கம். உலகின் மிகப் பெரிய பரிசு என்று தலைப்புச் செய்தி வந்தபோது, அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அமைதியாக இன்னொரு பெட்டியில் விழுந்தது. கேமை உருவாக்கியவர்கள் சம்பாதிப்பதில் தவறில்லை; அந்த விகிதம் எவருடனும் பேசி முடிவானதல்ல என்பதுதான் என் ஆதங்கம். 2023இல் வால்வ் இந்த முறையையே மாற்றியது. பெரும்பாலான விளையாட்டாளர்கள் அந்தப் புத்தகத்தை வாங்குவதே இல்லை, ஆண்டு முழுவதும் அதற்காக உழைப்பதைவிட எல்லோருக்கும் பயன்படுவதைச் செய்கிறோம் என்று காரணம் சொன்னது. நியாயமான காரணம்தான். ஆனால் அந்த ஆண்டுப் பரிசுத் தொகை சுமார் 30 லட்சம் டாலருக்கு இறங்கிவிட்டது. நான்கு கோடியை நம்பி அணி கட்டியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

முதலீட்டாளர்கள் அடைந்த அடி இதைவிடப் பெரியது. பிளிஸார்ட் 2018 ஜனவரியில் 12 அணிகளுடன் 'ஓவர்வாட்ச் லீக்' தொடங்கியது. அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டுகளின் பாணியில் நகரங்களின் பெயரில் அணிகள். ஓர் அணியின் இடத்துக்கு 2 கோடி டாலர் என்று செய்திகள் வெளியாயின. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட் போன்றவர்கள் பணம் போட்டார்கள். முதல் ஆண்டின் இறுதிப் போட்டி நியூயார்க்கின் பார்க்லேஸ் அரங்கில் நடந்தது. 2019இல் அணிகள் 20 ஆயின. ஒவ்வோர் அணியும் தன் நகரத்தில் போட்டி நடத்தி டிக்கெட் விற்கும் என்பது திட்டம்; 2020இல் அது தொடங்கிய சில வாரங்களில் பெருந்தொற்று வந்துவிட்டது.

தொற்றுக்கு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்னொன்று நடந்தது. 'ஓவர்வாட்ச் 2' வந்தபோது ஓர் அணிக்கு ஆறு பேர் என்பதை ஐந்து பேர் என்று மாற்றினார்கள். முன்னால் நின்று அடி வாங்கித் தாங்கும் வீரர்கள் அதுவரை அணிக்கு இருவர். இனி ஒருவர் போதும். ஒரு வரி விதி மாற்றத்தில் ஒவ்வோர் அணியிலும் ஓர் இடம் களத்திலிருந்து நீக்கப்பட்டது. அந்த இடத்துக்காகவே ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் என்ன செய்வார்கள்? 2022 அக்டோபரில் பழைய கேமின் சர்வர்களும் நிறுத்தப்பட்டன. பழைய விதியிலேயே தனியாக ஒரு லீக் நடத்தலாம் என்று எவரும் நினைத்திருந்தாலும் அதற்கு அந்தப் பழைய கேமே இருக்கவில்லை. 2023இல் அணி உரிமையாளர்கள் வாக்களித்து விலக, லீக் முடிவுக்கு வந்தது. விலகும் அணிக்கு 60 லட்சம் டாலர் என்று செய்திகள் கூறின.

அணிகளின் வருமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இ-ஸ்போர்ட்ஸ் ரசிகர்கள் ட்விட்ச், யூடியூப் தளங்களில் இலவசமாகப் பார்த்துப் பழகியவர்கள். ஆகவே ஒளிபரப்பு உரிமை பெரிய விலைக்குப் போவதில்லை. டிக்கெட் வருமானமும் குறைவு. மிஞ்சுவது விளம்பரதாரர்கள். டிஎஸ்எம் என்ற அமெரிக்க அணி 2021இல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனத்தின் பெயரைத் தாங்க, பத்தாண்டுகளுக்கு 21 கோடி டாலர் என ஒப்பந்தம் போட்டது. மறு ஆண்டே எஃப்டிஎக்ஸ் திவாலானது. ஃபேஸ் கிளான் என்ற இன்னோர் அமெரிக்க அணி 2022இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது 72.5 கோடி டாலர் மதிப்பு என்றார்கள். அடுத்த ஆண்டு சுமார் 1.7 கோடி டாலர் மதிப்பில் அதை வாங்க வேறொரு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது.

இந்த வெற்றிடத்தில்தான் சவூதி அரேபியாவின் பணம் நுழைந்தது. அந்நாட்டு அரசின் முதலீட்டு நிதிக்குச் சொந்தமான சாவி நிறுவனம் 2022இல் இஎஸ்எல், ஃபேஸிட் என்ற இரு பெரிய போட்டி அமைப்புகளை 150 கோடி டாலருக்கு வாங்கியது. 2024இல் ரியாத்தில் தொடங்கிய இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையின் மொத்தப் பரிசு 6 கோடி டாலருக்கு மேல். பல அணிகளுக்கு இது உயிர்மூச்சாக இருக்கிறது. கேமின் உரிமையாளரைச் சார்ந்திருந்தவர்கள் இப்போது ஓர் அரசின் விருப்பத்தையும் சார்ந்திருக்கிறார்கள். இதை வளர்ச்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நம்பிக்கை தரும் மாற்றங்களும் உண்டு. வால்வின் 'கவுன்டர் ஸ்ட்ரைக்' என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் பெரிய போட்டிகளின்போது, வீரரின் கையெழுத்து கொண்ட ஸ்டிக்கரை ரசிகர் வாங்கி, கேமுக்குள் தன் துப்பாக்கியில் ஒட்டிக்கொள்ளலாம். அந்த விற்பனையில் பாதி வீரர்களுக்கும் அணிகளுக்கும் போகிறது. ரயட்டின் 'வேலரன்ட்' கேமிலும் 'சாம்பியன்ஸ்' என்ற உலகப் போட்டிக்காக விற்கும் அலங்காரத் தொகுப்பின் வருமானத்தில் பாதி போட்டியாளர்களுக்கு. பணம் உண்மையில் பிறக்கும் இடம் கேமுக்குள் இருக்கும் கடை என்பதால், வீரரின் பங்கும் அங்கிருந்தே வர வேண்டும். 2025 முதல் 'கவுன்டர் ஸ்ட்ரைக்' போட்டிகளை நடத்துபவர்களுக்கும் அணிகளுக்கும் இடையே வணிக உறவு இருக்கக் கூடாது, இடம் தரவரிசைப்படியோ திறந்த தகுதிச் சுற்று மூலமோதான் என்று வால்வ் விதித்திருக்கிறது. பணம் கொடுத்து இடம் பிடிக்கும் கதவை அது அடைத்தது.

இன்னொரு மாற்றம் வீரர்களிடமிருந்தே வந்தது. 2023இல், வட அமெரிக்க 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' அணிகள் தங்கள் இரண்டாம் நிலை அணிகளைக் கைவிடலாம் என்று ரயட் அனுமதித்தது. இளம் வீரர்கள் பலர் வேலை இழந்தார்கள். முதல் நிலை வீரர்களின் சங்கம் கூடி, களத்துக்குப் போவதில்லை என்று வாக்களித்தது. பருவத்தின் தொடக்கம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. பிறகு பேச்சுவார்த்தையில் உடன்பாடு ஏற்பட்டது. தங்கள் சம்பளத்துக்கு ஆபத்து இல்லாதபோதும், தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்காக அவர்கள் நின்றார்கள். அதை மிகுந்த மரியாதையுடன் குறிப்பிடுகிறேன்.

லீக்கை நடத்தும் நிறுவனம் ஒரு பருவத்துக்கு முன்பே முன்னறிவிப்புத் தர வேண்டும். நிறுத்தினால் மீதிச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். ஆட்ட விதி மாற்றத்தால் இடம் இழக்கும் வீரருக்கு இழப்பீடு வேண்டும். இவை மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை. உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை ஓர் அணியின் ஒப்பந்தத்தோடு வந்து நின்றால், பரிசுத் தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இந்த மூன்றும் அந்தத் தாளில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று கேளுங்கள். வணக்கம்.