காம்பைத் தடவிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மரம்போல நிமிர்ந்து வளரும் பெரணிச் செடியான மரப்பெரணியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வானொலியில் படம் காட்ட முடியாது. அதுவும் நல்லதுதான், இதைக் கண்ணைவிடக் கைதான் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

நீலகிரிச் சோலைக்குள் போகிறவர்கள் குடை விரித்தாற்போல நிற்கும் தலையை அண்ணாந்து பார்த்து, "மரப்பெரணி" என்று சொல்லிவிட்டு நடப்பார்கள். எந்த மரப்பெரணி? தலையை வைத்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே குடைதான். ஓலைக்காம்பின் அடிக்கு வாருங்கள்.

காம்பு கறுத்து, முள்ளில்லாமல் சொரசொரப்பாக மட்டும் இருந்தால் அது சயாத்தியா ஜைஜான்டியா. முதல் தடவை பார்த்தபோது, 'தீப்பட்ட காம்பு' என்று நோட்டில் எழுதி வைத்தேன். அடுத்த மாதம் போனால், புதிதாக விரிந்த ஓலையிலும் அதே கறுப்பு! ஓலையைத் திருப்பிப் பார்த்தேன்; ஒவ்வொரு இலைப்பிரிவிலும் ஸ்போர்ப் பொட்டுகள், அதாவது விதைக்குப் பதிலாகப் பெரணி உதிர்க்கும் தூளின் பொட்டுகள், கவட்டை போல இரண்டு வரிசையாக இருந்தன. நோட்டில் அடித்துத் திருத்தினேன்.

விரலில் குட்டை முட்கள் குத்தினால், நம் மலையின் பெயரையே சுமக்கும் சயாத்தியா நீல்கிரென்சிஸ். மூன்றாவது, சயாத்தியா கிரினிடா. லத்தீனில் கிரினிடாவுக்கு 'முடி நீண்டது' என்று பொருள். தளிர்ச் சுருள் வெளிர்பழுப்புச் செதில் போர்த்தி ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும். நீலகிரியிலும் பழனி மலையிலும் உயரமான சோலைகளில் அரிதாகத்தான் கிடைக்கும்.

தேடுகிறவர்கள் ஓடைச் சத்தத்தைப் பின்தொடர்ந்தால் போதும். ஸ்போர் விழுந்ததும் நேரே பெரணி முளைப்பதில்லை. முதலில் நகக்கண் அளவில் இதய வடிவப் பச்சைத் தகடு ஒன்று வரும். அதில் கருவுறுதல் நடக்க மெல்லிய நீர்ப்படலமாவது வேண்டும். மேகம் இறங்கி நனைக்கும் கரையை அது விடாமல் பிடித்துக்கொள்வது அதனால்தான். கோத்தகிரி லாங்வுட் சோலையில் நீரோடும் பள்ளங்களைப் பாருங்கள், தெரியும்.

ஆர்க்கிட் வளர்க்கவென்று இதன் நார்த்தண்டை வெட்டுகிறார்கள். வளர்முனை உச்சியில்தான், அது போனால் மரமும் போயிற்று. சயாத்தியா வகைகளின் சர்வதேச வணிகத்தை, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட சைட்டிஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே ஓலையைக்கூடக் கிள்ள வேண்டாம். காம்பின் அடி ஒரு படம், ஓலையின் முதுகு ஒரு படம், போதும்.

உப்பு மூட்டை ஒன்று கையோடு இருக்கட்டும். நீங்கள் குனிந்து காம்பைத் தடவும் நேரத்துக்காகத்தான் அட்டைகள் காத்திருக்கின்றன.