கன்னியாகுமரி சூரிய அஸ்தமனம்: எந்த மாதம், எந்த இடம்?

(காட்சி: முக்கடல் சங்கமம். மே மாத மாலை. கரை முழுக்கக் கூட்டம்.)

வணக்கம். கோடை லீவில் குடும்பத்தோடு கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் பலர் ஒரே வருத்தத்தோடு ஊர் திரும்புகிறார்கள். ஐந்தரை மணிக்கே வந்து இடம் பிடித்து, பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காத்திருப்பார்கள். சூரியன் இறங்கி வரும், சிவக்கும். கடலைத் தொடப் போகிறது என்று நினைக்கும்போது வலதுபக்கம் தெரிகிற கரைக்குப் பின்னால் போய் மறைந்துவிடும். மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊரில் சூரியன் ஏன் தரையில் விழுகிறது?

இது தெரிந்துவிட்டால் எந்த மாதம் போனாலும் நல்ல அஸ்தமனம் பார்க்கலாம். அதனால் முதலில் காரணத்தைப் பார்ப்போம்.

சூரியன் மேற்கே மறைகிறது என்று படித்திருக்கிறோம். சரியாக நேர் மேற்கே அது மறைவது ஆண்டுக்கு இரண்டே சமயங்களில்தான்: மார்ச் 20 வாக்கிலும் செப்டம்பர் 22 வாக்கிலும். டிசம்பர் கடைசியில் மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி மறையும். ஜூன் கடைசியில் அதே அளவு வடக்கே தள்ளி மறையும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. அப்படியானால் ஆறு மாதத்தில் சூரியன் மறைகிற இடம் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி அகலத்துக்கு நகர்கிறது. அடிவானத்தில் அது பெரிய தூரம்.

(காட்சி: குமரி முதல் கேரள எல்லை வரை கடற்கரை வரைபடம்.)

இப்போது கரையைப் பாருங்கள். குமரி முனையிலிருந்து மேற்குக் கரை நேராக வடக்கே திரும்புவதில்லை. முட்டம் வரைக்கும் கொஞ்சம் வடக்கே சாய்ந்தபடி மேற்கு நோக்கியே ஓடுகிறது. முட்டம் தாண்டிய பிறகுதான் நன்றாக வடமேற்கே வளைகிறது. குமரி முனையில் நிற்கிறவருக்கு வடமேற்கு முழுக்கத் தரை. பக்கத்திலேயே கோவளம் கிராமத்துக் கரையும் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தள்ளி மறைவதால் முன்னால் இருப்பது கடல் மட்டும். கோடையில் வடக்கே போய்விடுவதால் கரை குறுக்கே வந்துவிடுகிறது.

ஆகவே குமரி முனையில் சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க ஏற்ற காலம், அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை. அதிலும் அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். மதியம் வரை வெயிலடித்துவிட்டு மாலையில் மேகம் மூடிவிடும். என்னைக் கேட்டால் ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, பிப்ரவரி முழுக்க என்று சொல்வேன். வானம் தெளிவாக இருக்கும், ஐயப்ப சீசன் கூட்டமும் வடிந்திருக்கும். டிசம்பர் கடைசியிலும் வானம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நிற்க இடம் கிடைப்பதே கஷ்டம்.

அந்த மாதங்களில் எங்கே நிற்பது? சங்கமத்தில், காந்தி மண்டபத்தைத் தாண்டி இருக்கிற கரையே போதும். அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் கோவளம் சாலையில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் மேற்கே போங்கள். சன்செட் பாயிண்ட் என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கோவளம் குமரியை ஒட்டிய மீனவ கிராமம். திருவனந்தபுரம் கோவளமும் சென்னை கோவளமும் வேறு, மேப்பில் பெயரை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

விவேகானந்தர் பாறையில் நின்று அஸ்தமனம் பார்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. படகு டிக்கெட்டை மாலை 4 மணி வாக்கில் நிறுத்திவிடுவார்கள், போனவர்களும் அதற்குப் பிறகு திரும்பிவிட வேண்டும். பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடக்க ஆசையிருந்தால் மதியமே போய் வந்துவிடுங்கள். மாலையைக் கரைக்கு ஒதுக்குங்கள்.

(காட்சி: முட்டம். பாறைகள், கலங்கரை விளக்கம், கீழே அலை.)

சரி, ஏப்ரல், மே மாதங்களில்தான் லீவு கிடைக்கிறது, என்ன செய்வது? முட்டத்துக்குப் போங்கள்.

கரை வடமேற்கே வளையும் அந்தத் திருப்பத்திலேயே முட்டம் இருக்கிறது. அதனால் ஜூன் கடைசியில் சூரியன் எவ்வளவு வடக்கே போனாலும் முட்டத்துப் பாறைகளில் நிற்பவருக்கு அது கடலில்தான் விழும். பன்னிரண்டு மாதமும். குமரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், நாகர்கோவிலிலிருந்து அதில் ஏறக்குறைய பாதி. நாகர்கோவிலிலிருந்து டவுன் பஸ் உண்டு. திரும்பும்போது இருட்டிவிடும் என்பதால், சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வண்டி பேசிக்கொண்டு போவது நல்லது.

எனக்கு இந்த மாவட்டத்தில் மிகப் பிடித்த அஸ்தமனம் முட்டத்துடையது. குமரியில் கடலும் சூரியனும் மட்டும்தான் உங்கள் முன்னால். முட்டத்தில் பெரிய பெரிய பாறைகள் கடலுக்குள் இறங்கி நிற்கின்றன. சூரியன் தாழத் தாழ அவற்றின் மேற்குப் பக்கம் செம்பு நிறமாகும், கிழக்குப் பக்கம் கறுத்துப்போகும். அலை வந்து மோதிச் சிதறுகிற நீர்த்துளிகளில் பின்னாலிருந்து வெளிச்சம் படும். கீழே மணலில் இறங்கினால் இன்னொன்று பார்க்கலாம். இந்தக் கரை மணலில் இல்மனைட், மோனசைட், கார்னெட் போன்ற கனிமங்கள் கலந்திருக்கின்றன. பக்கத்து மணவாளக்குறிச்சியில் அவற்றைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசு ஆலையே இருக்கிறது. அலை பின்வாங்கும்போது லேசான மணலை இழுத்துக்கொண்டு போய்விடும். கனமான கருமணல் கோடு கோடாகத் தங்கிவிடும், நடுநடுவே கார்னெட்டின் சிவப்பும் தெரியும். ஈரம் காயாத அந்தக் கருங்கோடுகளில் சாயங்கால வெளிச்சம் பட்டு மின்னுவதைக் குனிந்து, கிட்டத்தில் பாருங்கள். குமரிக் கடைகளில் பாக்கெட் போட்டு விற்கிற வண்ண மணலைவிட இது எவ்வளவோ அழகு.

ஆனால் முட்டத்தில் பாறை நுனிக்குப் போகவே கூடாது. பாசி வழுக்கும், அலையின் அளவும் ஒன்றுபோல இருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்குள்ள மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் கடைக்கோடியில் அடித்த புயல்காற்று எழுப்பும் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கடல் மட்டும் திடீரென்று பொங்கும். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். கிளம்புவதற்கு முன்னால் அன்றைய கடல் எச்சரிக்கையைச் செய்தியில் பாருங்கள். கரையில் நிற்கிற மீனவர் ஒருவர் "தள்ளி நில்லுங்க" என்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் தள்ளி நில்லுங்கள்.

முட்டத்துக்கும் வடக்கே, தேங்காப்பட்டணத்திலும் வருடம் முழுக்கக் கடலில்தான் அஸ்தமனம். ஆறு கடலில் கலக்கிற இடம், தென்னை நிறைய. குமரிக்கும் முட்டத்துக்கும் நடுவிலுள்ள சொத்தவிளை நீளமான மணல் கரை, நடக்க அருமை. ஆனால் அங்கிருந்து பார்த்தால் முட்டத்துத் தரை வடமேற்கில் குறுக்கே வரும். மே, ஜூன், ஜூலையில் சூரியன் அதன் பின்னால்தான் போகும்.

ஜூன் முதல் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை. பல நாட்கள் சூரியனே தெரியாது. ஆனாலும் இரண்டு மழைக்கு நடுவில் ஒரு மாலை மேற்கே மட்டும் மேகம் விலகிக் கொடுத்தால், தூசி கழுவப்பட்ட அந்த வானத்தின் நிறம் ஜனவரியில்கூட கிடைக்காது. அதை நம்பி டிக்கெட் போட முடியாது. அந்தப் பக்கம் போயிருந்தால் மாலையில் அறையில் அடைந்து கிடக்காதீர்கள், அவ்வளவுதான்.

(திரையில்: குமரியில் சூரியன் மறையும் நேரம்.)

இனி நேரம். குமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 8 டிகிரியில் இருப்பதால் வருடம் முழுக்க அதிக வித்தியாசம் இல்லை. நவம்பர் நடுவில் 6 மணிக்கு ஓரிரு நிமிடம் முன்பே மறைந்துவிடும். அதுதான் ஆண்டிலேயே சீக்கிரமான அஸ்தமனம். டிசம்பர் கடைசியில் 6.10. பொங்கல் சமயம் 6.20. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை 6.30ஐ ஒட்டியே இருக்கும். ஜூலையில் 6.40 தாண்டும்.

கடிகாரம் பார்க்காமல் கணிக்கவும் வழி உண்டு. குமரியில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். நீட்டிய கையின் முஷ்டியை அடிவானத்தின் மேல் வைத்தால், அதன் மேல்விளிம்பில் சூரியன் இருக்கும்போது இன்னும் சுமார் 40 நிமிடம் இருக்கிறது. சூரியனையே உற்றுப் பார்க்காதீர்கள், முஷ்டியால் மறைத்துக்கொண்டே அளக்கலாம்.

விளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து முழுவதும் மறைய இரண்டே கால் நிமிடம்தான் ஆகும். போன் எடுக்கிறேன், பிள்ளையைக் கூப்பிடுகிறேன் என்று திரும்பினால் போய்விடும். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. சூரியனின் கீழ்விளிம்பு கடலைத் தொடுவதாக உங்கள் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், உண்மையான சூரியன் ஏற்கனவே அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. காற்றுமண்டலம் ஒளியை வளைத்து அதைத் தூக்கிக் காட்டுகிறது. கீழ்ப்பாதியை மேல்பாதியைவிட அதிகம் தூக்குவதால்தான் சூரியன் கொஞ்சம் நசுங்கித் தெரிகிறது. அந்த நேரத்தில் வெளிச்சம் உச்சிவெயிலைப் போல ஏறக்குறைய 40 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போக, மிஞ்சுவது சிவப்பு.

மறைந்த உடனே கூட்டம் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். உயரத்தில் மெல்லிய மேகம் இருக்கும் நாளில், சூரியன் போன பிறகுதான் கீழிருந்து வெளிச்சம் பட்டு அது ரோஜா நிறமாகும். பத்துப் பதினைந்து நிமிடம் அது மாறிக்கொண்டே இருக்கும். குமரியில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், இருபது நிமிடம் கழித்து எல்லாம் இருட்டு.

கடைசியாக, சித்ரா பௌர்ணமி. ஒரு பக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் நிலா எழுவதைப் பார்க்கக் குமரியில் ஏராளமானோர் கூடுவார்கள். பௌர்ணமி என்றாலே நிலா சூரியனுக்கு நேர் எதிரே இருப்பதுதான். அதனால் எல்லாப் பௌர்ணமியிலும் நிலா அஸ்தமன நேரத்தை ஒட்டியே எழும். குமரியின் சிறப்பு, ஒரே இடத்தில் நின்று இரண்டு பக்கமும் கடலைப் பார்க்க முடிவது. ஆனால் சித்திரையில் சூரியன் ஏற்கனவே வடக்கே நகர்ந்து கரைப் பக்கம் போயிருக்கும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். சூரியனும் கடலில் விழ வேண்டும், நிலாவும் கடலிலிருந்து எழ வேண்டும் என்றால் தைப்பூசத்தையும் மாசி மகத்தையும் ஒட்டிய பௌர்ணமிகளுக்கு வாருங்கள். வானமும் தெளிவாக இருக்கும்.

நாளைத் தேர்ந்தெடுக்கக் காலண்டரில் பௌர்ணமி திதி முடியும் நேரத்தைப் பாருங்கள். அன்று இரவிலோ மறுநாள் காலையிலோ முடிந்தால், சூரியன் மறைவதற்கு முன்பே நிலா வந்துவிடும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். அன்று காலையிலேயே முடிந்திருந்தால் சூரியன் போன பிறகுதான் நிலா வரும். அப்படியானால் முந்தின நாள் மாலையே சங்கமத்துக்கு வந்துவிடுங்கள். மேற்கே பார்த்துவிட்டு, விவேகானந்தர் பாறை இருக்கிற கிழக்குப் பக்கமும் திரும்பிப் பாருங்கள்.