எப்போது கரைய வேண்டும்?

அனைவருக்கும் வணக்கம்.

கட்டுப்போட்ட காயத்தைப் பிரித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். காய்ந்த ரத்தத்தோடு துணி ஒட்டிக்கொண்டிருக்கும். ஊறவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல இழுத்தாலும் அடியில் முளைத்த இளந்தோல் கூடவே வந்துவிடும். மறுபடி ரத்தம். கையில் பட்ட காயமென்றால் பரவாயில்லை, பிரித்துவிடலாம். கல்லீரலில் கசிவை அடைக்க வைத்த பொருளை யார் போய்ப் பிரிப்பது? அதனால்தான் தானே கரையும் பொருள்களைத் தேடுகிறோம்.

உடம்புக்கு இது பழகிய வேலை. திராம்பின் என்ற நொதி, ஃபைப்ரின் என்ற புரத இழைகளை வலையாகப் பின்ன வைக்கிறது. ரத்த அணுக்கள் அதில் சிக்கிக் கட்டியாகின்றன. காயம் ஆற ஆற, பிளாஸ்மின் என்ற இன்னொரு நொதி அந்த வலையை அறுத்துவிடுகிறது. நாங்கள் ஆய்வகத்தில் செய்வது பெரும்பாலும் இதைக் காப்பியடிப்பதுதான்.

எனக்குப் பிடித்தது கைட்டோசான். இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டினைக் காரத்தில் சூடாக்கி, அதிலுள்ள அசெட்டைல் என்ற சிறு அணுத்தொகுதிகளில் பெரும்பகுதியை நீக்கினால் கிடைக்கும். இதற்கு நேர்மின்சுமை, சிவப்பணுவின் மேற்பரப்புக்கு எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கசிவை அடைக்கும். ஹெப்பாரின் கொடுத்து ரத்தம் உறையாமல் இருப்பவரிடமும் இது வேலை செய்வதற்கு அதுதான் காரணம். கண்ணீரிலும் இருக்கிற லைசோசைம் என்ற நொதி இதைச் சிறுகச் சிறுக வெட்டுகிறது. எவ்வளவு அசெட்டைலை விட்டுவைக்கிறோமோ அதைப் பொறுத்து வேகம் மாறும். அதிகமாக நீக்கினால் மெதுவாகத்தான் கரையும்.

கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட் காயத்தின் ஈரத்தை உறிஞ்சிக் களியாகிவிடும். ஈரம் நல்லதா என்று கேட்பீர்கள். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் சோதித்தபோது, ஈரமாக மூடிவைத்த காயங்களில் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடியது. 'காயவிடு, பொருக்குத் தட்டட்டும்' என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு.

சரி, சிக்கல் எங்கே? ஜெலட்டின் பஞ்சு 1940களிலிருந்தே அறுவை அரங்கில் இருக்கிறது. கரைய நான்கு முதல் ஆறு வாரம். அதுவரை ரத்தத்தைக் குடித்து உப்பும். வயிற்றுக்குள் அது பெரிய விஷயமில்லை. தண்டுவடத்தின் அருகில், எலும்புகளுக்கு நடுவே உப்பினால் நரம்பை நசுக்கும். தானே கரையும் இன்னொரு பொருளான பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக் சிதைந்தால் லாக்டிக் அமிலம் வரும். வெளியேற வழியில்லாமல் தேங்கினால் அந்த இடமே புளித்து அழற்சி கிளம்பும்.

'எத்தனை நொடியில் ரத்தம் நின்றது' என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, எந்தக் காயத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று. ஒரு துண்டை எடைபோட்டு நொதிக் கரைசலில் ஊறப்போடுவோம். வாராவாரம் எடுத்து, உலர்த்தி, மறுபடி எடைபோடுவோம். கிண்ணத்தில் ஒரே சீராக இளைக்கும். ஆறாத நீரிழிவுப் புண்ணிலோ புரதத்தை அறுக்கும் நொதிகள் மிதமிஞ்சி இருக்கும். கிண்ணத்தில் மூன்று வாரம் தாங்கிய, கொலாஜன் என்ற புரதத்தால் ஆன தாள், அங்கே புதுத் திசு பற்றிக்கொள்ளும் முன்பே கரைந்து போய்விடலாம்.