ரிஸ்க் யாருக்கு? ஒரு ஹவுஸ் சர்ஜனோட அம்மா கேட்ட கேள்வி

ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "என் பொண்ணு ஹவுஸ் சர்ஜனா, அதாவது பயிற்சி டாக்டரா இருக்கா. ரிஸ்க் மேனேஜ்மென்ட்னு வகுப்பு வெச்சாங்களாம். முழுக்க கேஸ், கோர்ட், இன்சூரன்ஸ்தானாம். அதுதானா டாக்டர் பாடம்?" ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்னை விடல.

சட்டம் தெரியணும்மா. 1995ல வி.பி.சாந்தா வழக்குல, காசு வாங்கிப் பண்ற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ரிஸ்க்குன்னாலே வக்கீல் நோட்டீஸ்தான் நமக்கு ஞாபகம் வருது. ஆனா ரிஸ்க் முதல்ல கட்டில்ல படுத்திருக்கிறவருக்கு.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப, ராத்திரி மூணு மணி. ஆண்டிபயாடிக் பொடியைக் கரைக்கணும். டிஸ்டில்ட் வாட்டர்னு நினைச்சு நான் உடைச்சது பொட்டாசியம் குளோரைடு. ரெண்டும் ஒரே தட்டுல, ஒரே அளவு ஆம்பியூல், அதான் சின்னக் கண்ணாடிக் குப்பி. அதை அப்படியே வேகமா நரம்புல ஏத்துனா இதயம் நின்னுடும். "சார், லேபிளைப் பாருங்க"ன்னாங்க சிஸ்டர். தப்பிச்சோம். வெட்கத்துல நான் யார்கிட்டயும் சொல்லல. அதனால அந்தத் தட்டு அப்படியே இருந்துச்சு, அடுத்த ராத்திரி டியூட்டிக்கு வந்த பையனுக்கும்.

நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுதான்: தப்பிச்சதையும் சொல்லணும்.

சரி, சின்னவங்க எப்படி வாயைத் திறப்பாங்க? என்னைக் கேட்டா இதைத்தான் கேக்கணும். 2008ல உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கு 19 விஷயம் கொண்ட ஒரு செக்லிஸ்ட் கொண்டுவந்துச்சு. டெல்லி உட்பட எட்டு ஊர் ஆஸ்பத்திரிகள்ல வெச்சுப் பாத்தாங்க. இறப்பு 1.5 சதவீதத்துலேர்ந்து 0.8க்கு இறங்குச்சுன்னு 2009ல ஆய்வு வந்துச்சு. அதுல எனக்குப் பிடிச்ச வரி ஒண்ணு இருக்கு. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கிற எல்லாரும் தன் பேரையும் வேலையையும் சொல்லணும். பேர் சொல்ல ஒரு தடவை வாய் திறந்த பொண்ணு, "சார், இந்தக் கால்தானா?"ன்னும் கேட்டுடுவா.

இப்ப ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் நான் கேக்கிறது ஒண்ணுதான்: "நேத்து ராத்திரி எது தப்பிச்சுது?" முதல்ல என் பொட்டாசியம் கதையை நானே சொல்லிடுவேன். ஒரு மாசம் யாரும் பேசல. அப்புறம் ஒரு பொண்ணு, ஒரே பேர்ல ரெண்டு நோயாளி, ரத்தப் பை மாறப் பாத்துச்சுன்னு சொன்னா. யாரும் அவளைத் திட்டல. ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி பேரோட ஐபி நம்பரையும் (ஆஸ்பத்திரியில சேர்றப்ப நோயாளிக்குக் குடுக்கிற நம்பர்) ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கணும்னு அன்னைக்கே வெச்சோம்.

அம்மா, உங்க பொண்ணு இருக்கிற வார்டுல அந்தக் கேள்வியை யாராவது கேக்கிறாங்களான்னு விசாரிச்சு எழுதுங்க.